விழுந்த பால் பல்லில் காரீயத்தை அளக்கலாமா?

கேள்வி: ஏழு வயது மகனுக்கு முன் பால் பல் விழுந்தது. சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்கிறார் என் மாமியார். அதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால், அவன் உடம்பில் இப்போது காரீயம் இருக்கிறதா என்று தெரியுமா? மாட்டுப் பல்லையும் இப்படி அளப்பார்களா?
— ஒரு வாசகி, மயூர் விகார், தில்லி

பதில்: அளக்கலாம், ஆனால் 'இப்போது' என்ற கேள்விக்குப் பல் விடை சொல்லாது. எலும்பு காலப்போக்கில் புதுப்பிக்கப்படும்; பல்லின் கடினமான வெளியடுக்கான எனாமல் அப்படிப் புதுப்பிக்கப்படுவதில்லை. அது உருவாகும் நாட்களில் இரத்தத்தில் இருந்த காரீயம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகியவை கால்சியத்தின் இடத்தைப் பிடித்து அங்கேயே தங்கிவிடுகின்றன. முன் பால் பல்லின் எனாமலோ கருவின் நான்காம் மாத வாக்கில் தொடங்கி, பிறந்த சில மாதங்களுக்குள் முடிந்துவிடுவதால், அது பெரும்பாலும் தங்கள் கர்ப்ப காலத்தையே காட்டும். எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு டென்டின்; பல்லின் நடுவிலுள்ள மென்மையான பற்கூழை ஒட்டிய டென்டினில் மட்டும் பிந்தைய ஆண்டுகளின் காரீயமும் சேர்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், மாசசூசெட்ஸ் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பற்களில் அளந்ததும் டென்டினைத்தான். காரீயம் மிகுந்தவர்கள் நுண்ணறிவுச் சோதனையிலும் கவனத்திலும் பின்தங்கியிருந்தார்கள்.

முழுப் பல்லையும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, தனிமங்களின் அளவைக் காட்டும் பிளாஸ்மா நிறமாலைமானி என்ற கருவியில் அளப்பது எளிய வழி. ஆனால் பல ஆண்டுகளின் கணக்கு அதில் ஒன்றாகக் கலந்துபோகும். பல்லை நெடுக்காக அறுத்து, லேசர் கதிரால் புள்ளி புள்ளியாகச் சுரண்டி அளந்தால் காலவரிசை கிடைக்கும். பிறந்த வேளையில் எனாமலில் விழும் மெல்லிய கோடு அதற்கு எல்லைக்கல். எந்த முறையானாலும், அளவு தெரிந்த எலும்புச் சாம்பலைப் போன்ற ஒரு மாதிரியையும் கூடவே அளந்து சரிபார்க்க வேண்டும். பாதரசக் கலவையால் அடைத்த பல் இதற்கு ஆகாது. எனாமலின் மேற்பரப்பில் வாய்வழி வந்த துத்தநாகமும் ஃப்ளோரைடும் மிகுந்திருப்பதால், பல்லின் எந்த இடத்தில் எடுத்தது என்று சொல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

மாட்டின் கடைவாய்ப் பல் உயரமானது. பல மாதங்கள் வளர்வதால் பருவ மாற்றங்கள்கூட அதில் பதியும். எனாமலின் மேல் படிந்திருக்கும் சிமெண்டம் என்ற எலும்பு போன்ற அடுக்கை முதலில் நீக்கிவிட வேண்டும். தாவர உண்ணிகளின் பல்லில் கால்சியத்தோடு ஒப்பிட்ட ஸ்ட்ரான்சிய அளவு, அவற்றைத் தின்னும் விலங்குகளில் இருப்பதைவிடக் கூடுதல். புதைபடிவ விலங்கு எதைத் தின்றது என்று ஆராய்வோர் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

காரீயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் 2000-இல் நின்றுவிட்டது. ஆனால் உரியும் பழைய பெயின்ட், கலப்பட மஞ்சள் தூள், கண்ணுக்கு இடும் சுர்மா ஆகியவற்றின் வழியாக இன்றும் அது உடலுக்குள் வரலாம். மகனின் இன்றைய நிலையை அறியக் குழந்தை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.