காலேஜா, பாலேயா?

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஐந்து வருடமாக பாலே என்ற ஐரோப்பிய நடனம் கற்கிறாள். வாரம் மூன்று நாள் வகுப்பு, மற்ற நாட்களில் எங்கள் மொட்டை மாடியில் பயிற்சி. காலேஜே வேண்டாம், பாலேதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விடலாமா?
– ஒரு தாய், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பாலேக்காரி ஒற்றைக்காலில் நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் மொட்டை மாடியில் வேண்டாம். தட்டோடு பதித்த தரையில் தினமும் குதித்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் மயிரிழை விரிசல் விடும்; அப்புறம் மாதக்கணக்கில் ஆட்டம் கிடையாது. குதிக்கிற பயிற்சியெல்லாம் அடியில் ரப்பர், மேலே பிளைவுட், அதன்மேல் வினைல் விரித்த தரையில் மட்டும்.

விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயின்ட் ஷூவையும் எடுத்துப் பாருங்கள். அதன் மூக்கு துணியையும் காகிதத்தையும் பசையில் அடுக்கிச் செய்தது. வியர்வையும் நம் கடற்காற்றும் சேர்ந்தால் இளகிவிடும். ஆடியதும் பிளாஸ்டிக் பையில் திணிக்காமல் ஃபேனுக்கு அடியில் தொங்கவிடுங்கள். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடட்டும். விரலால் அழுத்தினால் நமத்த அப்பளமாக அமுங்குகிறதா? காசைப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

சரி, ‘பாலேதான்’ என்றால் யார் சம்பளம் தருவார்கள்? பாரிஸ் ஓபரா போல அரசுப் பணத்தில் நடக்கும் பாலே கம்பெனி நம் நாட்டில் இல்லை. வெளிநாடு என்றால், ரஷ்யாவின் வாகனோவா பள்ளியில் பத்து வயதில் சேர்ந்து எட்டு வருடம் அன்றாடம் ஆடியவர்களோடு போட்டி. டெல்லி கமல் சிங் 17 வயதில் பாலே தொடங்கி 2020-இல் லண்டன் பாலே பள்ளிக்குப் போகவில்லையா என்பாள். அவரோ ஆண்; பாலேயில் ஆண்களுக்கு எப்போதும் பஞ்சம். பெண்கள் பக்கம் ரேஷன் கடை வரிசை.

அதனால் முடிவை நீங்களும் எடுக்க வேண்டாம், அவளும் எடுக்க வேண்டாம். வெளிநாட்டுப் பாலே பள்ளிகளுக்கு அனுப்ப ஒரு வீடியோ எடுக்கட்டும். கம்பியைப் பிடித்துச் செய்வது இரு பக்கமும், நடுவில் மெதுவான அசைவுகள், வலமும் இடமுமாகச் சுழற்சி, சின்னக் குதிப்பு, பெரிய குதிப்பு, பாயின்ட் ஷூவில் ஒரு தனியாட்டம். வெட்டு ஒட்டு கூடாது. முகத்துக்கு க்ளோசப் வைக்கிறார்கள் சிலர். பார்ப்பவர் கண் முட்டியிலும் பாதத்திலும்தான். இடப்பக்கச் சுழற்சி தடுமாறுகிறதென்று விட்டுவிட்டால், விட்டதே காட்டிக்கொடுத்துவிடும்.

ஐரோப்பாவில் பாலே பள்ளிகளின் சேர்க்கைத் தேர்வுகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சையும் உண்டு. ஆக, நவம்பருக்குள் வீடியோ தயாராக வேண்டும். உதவித்தொகையோடு இடம் வந்தால் அனுப்பிவிடுங்கள்; பட்டத்தை இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் வரை இழுத்து முடிக்கலாம். வராவிட்டால் மே மாதம் பாரதி மகளிர் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள்.