கூரைத் துணியை நாமே மாற்றலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களிடம் 1986ஆம் ஆண்டின் அம்பாசடர் மார்க் 4 இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. எஞ்சின், டிங்கரிங் வேலைகள் முடிந்துவிட்டன. டாப் லைனிங் (கூரையின் உட்புறத் துணி) மட்டும் பின்சீட்டுக்கு மேலே தையல் விட்டுத் தொங்குகிறது. நானும் என் மகளும் வீட்டிலேயே இதை மாற்ற விரும்புகிறோம். முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக முடியும். இந்த வேலைக்கு விலையுயர்ந்த கருவிகள் எதுவும் தேவையில்லை. வரிசை தவறாமல் செய்யும் பொறுமையும், எதிர்ப்பக்கம் நின்று இழுத்துப் பிடிக்க இன்னொருவரும் இருந்தால் போதும். அந்த இன்னொருவர் உங்களுக்கு வீட்டிலேயே இருக்கிறார்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசடரில், அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களைப் போலவே, கூரைத் துணி பலகையில் ஒட்டப்படாமல் கம்பிகளில் தொங்குகிறது. கூரையின் குறுக்கே வளைந்த எஃகுக் கம்பிகள் செல்கின்றன. துணியின் மறுபுறத்தில், ஒவ்வொரு குறுக்குத் தையலோடும் சேர்த்துத் தைக்கப்பட்ட குழல் போன்ற பட்டைக்குள் ஒரு கம்பி நுழைந்து, அதன் இரு முனைகளும் பக்கச் சட்டத்தில் அமர்கின்றன. பசை இருப்பது விளிம்புகளில் மட்டுமே. நடுவில் துணியை நேராக வைத்திருப்பது கம்பிகளும் இழுவையும்தான் என்பதால், எந்த இடத்தில் எவ்வளவு இழுக்கிறோம் என்பதே இந்த வேலையின் உயிர்.

ஆகவே பழைய துணியைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள் என்பதைத்தான் நான் முதலில் வற்புறுத்துவேன். எவ்வளவு கந்தலாக இருந்தாலும், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சரியான வரைபடம் அதுதான். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, உள்விளக்கு, சன் வைசர், பின்பார்வைக் கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றுங்கள். துணி கூரையில் இருக்கும்போதே ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் உள்ள இடைவெளியை நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு பழைய ரெக்சின் சுருங்கிவிடும், அப்போது எடுக்கும் அளவு ஏமாற்றும். பிறகு விளிம்புகளை விடுவித்து, கம்பிகளை ஒவ்வொன்றாக இறக்கி, முன்னிருந்து எத்தனையாவது, இடப்பக்கம் எது, எந்தத் துளையில் இருந்தது என்று டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும்; ஆனால் நீளமும் வளைவும் வேறுவேறு. இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டால், பிறகு எவ்வளவு இழுத்தாலும் அந்த இடத்துச் சுருக்கம் போகாது.

துணி இறங்கியதும் கூரைத் தகட்டின் உட்புறம் தெரியும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் இந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். மழைநீர் கசிந்த தடம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே மேலே செல்ல வேண்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் பூசி, முழுமையாகக் காயவிடுங்கள். கம்பிகளிலுள்ள துருவையும் நீக்கிப் பெயின்ட் அடியுங்கள். புதுத் துணியில் பழுப்புக் கோடுகள் விழுவது பெரும்பாலும் துருப்பிடித்த கம்பிகளால்தான். உள்விளக்குக்குச் செல்லும் ஒயரின் மேலுறை வெடித்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். வெப்பம் தடுக்கும் அட்டை ஒட்டுவதானால், நீரை உறிஞ்சாத, எடை குறைந்த வகையாக இருக்கட்டும். சணல் விரிப்பும் சாதாரண ஸ்பாஞ்சும் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டை அரித்துவிடும்.

புதுத் துணிக்கு மெல்லிய, சிறு துளைகளிட்ட கூரை ரெக்சினே ஏற்றது. பின்புறம் ஃபோம் ஒட்டிய துணியைக் கடைக்காரர் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பலகையில் ஒட்டும் வகைக் கார்களுக்கானது. நீங்கள் குறித்த இடைவெளிகளை அப்படியே பின்பற்றி, நான்கு ஓரங்களிலும் மூன்று அங்குலமாவது கூடுதலாக விட்டு வெட்டித் தையுங்கள். கம்பி நுழையும் பட்டைக்குக் காடாத் துணி போதும். வீட்டுத் தையல் எந்திரம் திணறினால், இந்தத் தையலை மட்டும் சீட் கவர் தைக்கும் கடையில் கொடுத்து வாங்கிக்கொள்வதில் குறையொன்றும் இல்லை.

பொருத்துவதற்கு வெயில் நாளின் காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். துணியை வெயிலில் விரித்து இளக்கியபின் கம்பிகளை நுழைத்து, கூரையிலும் துணியிலும் நடுக்கோட்டைச் சாக்பீஸால் குறித்து, பின்கம்பியிலிருந்து தொடங்கி முன்னோக்கி மாட்டிக்கொண்டு வாருங்கள். பின்கம்பி முன்னே சாய்ந்துவிடாதபடி அதைப் பிடித்துவைக்கும் கொக்கி ஏதேனும் பழைய அமைப்பில் இருந்திருந்தால் அதை மறக்காமல் மாட்டுங்கள். இந்தக் கட்டத்தில் பசையைத் தொடவே கூடாது. முன்னும் பின்னும் நடுப்புள்ளியை இழுத்துக் கிளிப் போடுங்கள். அங்கிருந்து மூலைகளை நோக்கி நகருங்கள். பிறகு கதவுகளுக்கு மேலே, முதலில் தையல்கள் உள்ள இடங்களையும் அதன் பின்னரே தையல்களுக்கு இடைப்பட்ட பகுதிகளையும் இழுங்கள். நீங்கள் ஒரு பக்கம் இழுக்கும்போது உங்கள் மகள் எதிர்ப்பக்கத்தில் அதே தையலை இழுக்க வேண்டும். அப்போதுதான் குறுக்குக் கோடு வளையாமல் நிற்கும்.

ஓரங்களில் துணி மடிந்து நின்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: கம்பிப் பட்டை தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது. அதை முனையிலிருந்து கூரையின் நடுவை நோக்கிச் சிறிது சிறிதாக வெட்டி, ஒவ்வொரு முறையும் துணியை இழுத்துப் பாருங்கள். ஒரேயடியாக வெட்டிவிட்டால் துணி கம்பியை விட்டுத் தொங்கும். மீண்டும் தைப்பதைத் தவிர வழியிருக்காது. கிளிப்புகளோடு ஒரு பகல் முழுவதும் வண்டியை வெயிலில் நிறுத்திவைத்து, மறுபடி இறுக்கிய பிறகே ஒட்டுங்கள்.

பசை, வெப்பம் தாங்கும் கான்டாக்ட் வகையாக இருக்க வேண்டும். மதுரை வெயிலில் கூரைத் தகடு கொதிக்கும்போது சாதாரணப் பசை இளகிவிடும். தகட்டிலும் துணியிலும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, ஏறக்குறைய 10 முதல் 15 நிமிடம், காத்திருந்து அழுத்துங்கள். எல்லாக் கதவுகளும் திறந்திருக்கட்டும். பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது, மூச்சுக்கும் கெடுதல். பழைய பசையை அகற்றப் பெட்ரோலைப் பயன்படுத்தவே கூடாது. விளக்கு, வைசர் ஆகியவற்றின் திருகுத் துளைகளை எல்லாம் முடிந்த பின் விரலால் தடவிக் கண்டுபிடித்து, மிகச் சிறிய வெட்டாகப் போடுங்கள். எஞ்சிய சிறு சுருக்கங்களை ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சூடாக்கினால் நீக்கிவிடலாம். நெருங்கினால் ரெக்சின் பொசுங்கிவிடும்.

கேள்வி: என்னுடைய மோரிஸ் மைனர் 1000 காருக்குக் கூரைத் துணி மாற்றுவதற்கு முன்கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லை, ரப்பருக்கு அடியில் செருகிவிடலாம் என்று எங்கள் கராஜில் சொல்கிறார்கள். சரிதானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: செருகிவிட முடியும், ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் காரில் துணியின் முன்விளிம்பும் பின்விளிம்பும் கண்ணாடிச் சட்டத்தின் உதட்டைச் சுற்றி மடிந்து ஒட்டப்பட்டு, அதன்மேல் ரப்பர் அமர்கிறது. கழற்றாமல் செருகினால் அந்த விளிம்புக்குப் பிடிப்பே இருக்காது. ஓரிரு கோடைகளில் நழுவும். மேலும், ரப்பருக்கு அடியில் ஒளிந்திருக்கும் துருவை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில்கூட ஓட வைத்துக் காப்பாற்றிய பழைய மோரிஸ், ஆஸ்டின் கார்கள் உங்கள் ஊரில் இன்றும் ஓடுகின்றன. அத்தகைய வண்டிக்கு இந்த ஒரு நாள் வேலையைக் கூடுதலாகச் செய்வது தகும்.

ரப்பரில் பூட்டுப்பட்டை (ரப்பரின் பள்ளத்தில் செருகி அதை இறுக்கும் பட்டை) இருந்தால் அதை முதலில் உருவிவிட்டு, உள்ளிருந்து ரப்பர் உதட்டை மெல்ல விடுவித்துக் கண்ணாடியை வெளியே தள்ளுங்கள். வெளியே ஒருவர் ஏந்திக்கொள்ள வேண்டும். திரும்பப் பொருத்தும்போது புது ரப்பரே போடுங்கள். ரப்பரின் உள்பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்பு நீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தால் உதடு தானாகச் சட்டத்தின்மேல் ஏறும். பட்டைகள் தைத்த ஆயத்தக் கூரைத் துணி உங்கள் காருக்கு பிரிட்டனில் இன்றும் விற்கப்படுகிறது. இரண்டு கதவு, நான்கு கதவு என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

கேள்வி: எங்களுடையது 1990களின் கார். கூரைத் துணி பலூன்போல் உப்பித் தலையில் இடிக்கிறது. குண்டூசி குத்தியும் நிற்கவில்லை. இதற்கும் இதே முறைதானா?
– வாசகி, சேலம்

பதில்: இல்லை. உங்களுடையது அச்சில் வார்த்த பலகையின்மேல் ஃபோம் துணியை ஒட்டிய வகை. பசை தோற்கவில்லை; வெப்பத்தால் ஃபோமே பொடியாகிவிட்டது. அதனால் ஊசி வழியாகப் பசை செலுத்தினாலும் பயனில்லை. பலகையை முழுதாக வெளியே எடுத்து, துணியை உரித்து, மிச்சமிருக்கும் ஃபோம் தூளை நைலான் பிரஷ்ஷால் ஒரு துகள்கூட இல்லாமல் தேய்த்து நீக்கிய பிறகே புது ஃபோம் துணியை ஒட்ட வேண்டும். தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள். பலகையை வெளியே எடுக்கும்போது முன்சீட்டுகளைச் சாய்த்துவிட்டு, இருவராகப் பிடியுங்கள்; நடுவில் ஒடிந்துவிட்டால் மாற்றுப் பலகை கிடைப்பது அரிது.