கொரோனா போன்ற காலத்தில் வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பது வீட்டு உரிமையாளருக்கு இழைக்கும் அநீதி இல்லையா?

காலி செய்யச் சொல்லக் கூடாது என்பதில் அநீதி இல்லை. வெளியே வராதே என்று அரசு சொல்லும்போது உள்ளே இருக்க வீடு வேண்டுமே. அந்த மாத வாடகை யார் தலையில் விழும் என்பதை அரசு பேசாமல் விட்டதுதான் அநீதி.

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை. தேவையான உத்தரவு. ஆனால் அந்த வாடகையை இழப்பவருக்கு அதில் எதுவும் இல்லை.

ஹவுஸ் ஓனர் என்றாலே வசதியானவர் என்று நினைப்பவர்கள் பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் வந்து பார்க்க வேண்டும். பெரம்பூரில் என் அத்தைக்கு ஒரு பழைய வீடு. கீழே அவர், மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு. மாமா இறந்த பிறகு மளிகைக்கும் மாத்திரைக்கும் அந்த வாடகைதான். மாடியில் இருந்தவர் கால் டாக்ஸி ஓட்டுபவர். ஊரடங்கில் வண்டி நின்றுவிட்டது. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கம்மா" என்றார். அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான், நியாயமும்கூட. ஆனால் அந்த அட்வான்ஸ் எப்போதோ மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவில் கரைந்திருந்தது. கணக்கில் கழிக்கலாம், அரிசி வாங்க முடியாது. வீட்டுக்கடன் வைத்திருந்தவர்களுக்காவது, வட்டி ஓடினாலும், ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. அத்தைக்கு எதைத் தள்ளிப்போடுவது?

அமெரிக்காவில் வெளியேற்றத் தடையோடு, வாடகை உதவிக்கென்று 4,600 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். பணம் போய்ச் சேரத் தாமதமானது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடையையே நீக்கியது. ஆனாலும் தடையும் பணமும் சேர்ந்து வர வேண்டும் என்ற யோசனை சரியானது.

இங்கே அப்படிக் கொடுக்க நினைத்தாலும் யாருக்கு என்று கொடுப்பது? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நம் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. வாய்ப்பேச்சில் வீடு விடுவது இன்னும் நடக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாததும், இரண்டு மாத வாடகை பாக்கியும் அந்தச் சட்டப்படி காலி செய்யச் சொல்லக் காரணங்கள். நோய்க்காலத்தில் இந்த இரண்டையும் நிறுத்தி வைக்க வேண்டும். பாக்கியைத் தள்ளுபடி செய்யாமல் ஒரு வருடத்துக்குத் தவணையாக்க வேண்டும். வாடகையை மட்டும் நம்பி வாழும் சிறு உரிமையாளருக்குப் பாதியையாவது அரசு நேரடியாகக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்த்து முழுச் சம்பளம் வாங்கியவருக்கு இந்தச் சலுகை கூடாது.

டாக்டர், நர்ஸ் என்று தெரிந்ததும் நோய்க்குப் பயந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களே, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே வாடகை பாக்கியே இல்லை. அவர்களை வெளியே அனுப்ப எந்த உரிமையாளருக்கும் உரிமை கிடையாது.