13,770 ரூபாய் சொல்லும் கணக்கு

கேள்வி: ஃபெஞ்சல் புயலில் என் மூன்று ஏக்கர் சம்பா மூழ்கியது. 17,000 ரூபாய் நிவாரணம் என்றார்கள். வங்கிக் கணக்கில் மொத்தமே 13,770தான் ஏறியது. பக்கத்து வயலைக் குத்தகைக்கு உழுதவருக்கு ஒரு பைசாவும் இல்லை. மீதிப் பணம் எங்கே போனது?
– வாசகர், திருவெண்ணெய்நல்லூர்

பதில்: யாரோ சுருட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டும் முன் ஒரு வகுத்தல் போடுங்கள். 17,000 என்பது ஹெக்டேருக்கு. ஏக்கருக்குச் சுமார் 6,880தான். 13,770-ஐ 17,000-ஆல் வகுத்தால் 0.81 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கர். உங்கள் மூன்றாவது ஏக்கர் பட்டியலிலேயே ஏறவில்லை. மூன்றையும் மானாவாரி என்று எழுதியிருந்தால் ஹெக்டேருக்கு 8,500 வீதம் பத்தாயிரத்துச் சொச்சம் வந்திருக்கும். ஆகவே கோளாறு அதுவல்ல.

கிராமத்தின் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் அந்த ஏக்கரின் சர்வே எண்ணுக்கு நேரே நெல் பதியாமல் தரிசு என்றே கிடந்திருக்கலாம். அல்லது சேதம் 33 சதவீதத்துக்குக் கீழே என்று கணக்கெடுத்தவர்கள் எழுதியிருக்கலாம். 33 என்றால் முழுத் தொகை. 32 என்றால் ஒன்றுமில்லை. 2015 வரை இந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது.

அதிகம் ஏமாறுவது இந்தச் சதவீதத்தில்தான். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் கூட்டாகத்தான் கணக்கெடுக்க வேண்டும். தண்ணீர் வடிந்த கையோடு வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். தூர் கட்டும் பருவத்தில் மூழ்கியதென்றால் குத்தைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்; வேர் கறுத்து நாறும். பூக்கும் பருவத்தில் மழை அடித்திருந்தால் மகரந்தம் போய்க் கதிர் பதராகும். அது தெரிய இரண்டு மூன்று வாரமாகும். அப்படிப்பட்ட வயலுக்கு மறு ஆய்வு கேட்பது உங்கள் உரிமை. கேட்காமலே அதிகாரிகள் திரும்பி வருவதுதான் முறை என்பேன்.

குத்தகைக்காரர் விஷயம் இதைவிடக் கொடுமை. பட்டாதாரர் பெயரைப் பார்த்துப் பட்டியல் போட்டால், விதையும் உரமும் வாங்கிக் கடன்பட்டவர் வெளியே நிற்கிறார். வாய்மொழிக் குத்தகையைக் காகிதத்தில் ஏற்ற நிலக்காரர்கள் தயங்குகிறார்கள். உரிமை கேட்டுவிடுவாரோ என்ற பயம். நட்டவர் பெயரைக் கிராம நிர்வாக அலுவலர் வயலில் வந்து பார்த்து அடங்கலில் எழுதினாலே பாதிச் சிக்கல் தீரும். நடவு முடிந்ததும் சாகுபடிச் சான்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வெள்ளம் வந்தபின் கேட்டால் கிடைப்பது அரிது.

தொகையும் போதாது. இரண்டு ஹெக்டேருக்கு மேல் எவ்வளவு அழிந்தாலும் தேசிய விதிப்படி கணக்கில் வராது. பயிர்க் காப்பீடு தனி: அது பெரும்பாலும் உங்கள் வயலைத் தனியாகப் பார்ப்பதில்லை, கிராமத்தின் சராசரி விளைச்சலைப் பார்க்கிறது. சம்பாவுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்.

இப்போது செய்ய வேண்டியது: அடங்கல் நகல் எடுத்து மூன்று ஏக்கருக்கும் உள்ள சர்வே எண்களைச் சரிபாருங்கள். விடுபட்ட எண்ணைக் குறித்து வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நகர்வில்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவை வையுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, “இந்த சர்வே எண்ணுக்கு எத்தனை சதவீதச் சேதம், எந்தத் தேதியில் எழுதப்பட்டது?” என்று மட்டும் கேளுங்கள். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். பதிவில் உள்ளதைத்தான் தருவார்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.