தூளியை விட்டு இறங்கும் குழந்தைக்கு எந்தக் கட்டில், எந்த மெத்தை?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். இன்னும் தூளியில்தான் தூங்குகிறாள். எனக்கு இப்போது ஏழாவது மாதம். அடுத்த குழந்தை பிறப்பதற்குள் அவளைக் கட்டிலுக்கு மாற்ற நினைக்கிறோம். என் அப்பா இரண்டடி உயரத்தில் தேக்குக் கட்டில் செய்யத் தச்சரிடம் சொல்லப்போகிறார். வேலூர் கடைக்காரர், மெமரி ஃபோம் மெத்தைதான் முதுகெலும்புக்கு நல்லது என்கிறார். மாமியாரோ, பாய் போதும் என்கிறார். வயல் ஓரத்து வீடு எங்களுடையது. யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: மூவரில் உங்கள் மாமியார்தான் சரியான விடைக்கு அருகில் இருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால் தூளியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இந்த வயதில் குழந்தை தூளிக்குள் எழுந்து முட்டி போடும், பக்கவாட்டில் தலையை நீட்டும், காலை உதைத்துக்கொண்டு சுற்றும். சேலை முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கிவிட்டால் அதனால் கத்தக்கூட முடியாது. இப்படி உயிர் போன குழந்தைகள் உண்டு. ஆகவே பகல் தூக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும் என்று தூளியை விட்டுவைக்காதீர்கள். கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். காலியாகத் தொங்கினாலும் அது அவளுக்கு ஊஞ்சல்தான். பிறக்கப்போகும் குழந்தைக்கும் அதைக் கட்ட வேண்டாம். தூளியின் வளைவில் பச்சிளம் குழந்தையின் முகவாய் நெஞ்சில் மடங்கினால் மூச்சுப்பாதை அடைபடும். அந்தக் குழந்தைக்கு மேடுபள்ளமில்லாத, கெட்டியான தனிப் படுக்கையில் மல்லாந்த நிலைதான் பாதுகாப்பு. அக்காவின் கட்டிலில் சேர்த்துப் படுக்க வைப்பதும் கூடாது.

மாற்றத்தை இந்த மாதமே தொடங்குங்கள். தம்பியோ தங்கையோ வீட்டுக்கு வரும் வாரத்தில் இடத்தை மாற்றினால், தன்னைத் துரத்திவிட்டதாகவே அவள் நினைப்பாள்.

இப்போது மெத்தை. நோயில்லாத குழந்தையின் முதுகெலும்புக்குத் தனி மெத்தை எதுவும் தேவையில்லை. உறையில் ‘ஆர்த்தோ’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கடையில் உள்ளங்கையால் நடுவில் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தவுடன் பள்ளம் மறைந்து பழைய நிலைக்கு வர வேண்டும், கை அடையாளம் தங்கக் கூடாது. மெமரி ஃபோம் செய்வது இதற்கு நேர்மாறு. உடலுக்கேற்ப அமுங்கி, சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நம் ஊரில் அதில் படுக்கும் குழந்தைக்கு வேர்க்குருதான் மிச்சம். இலவம்பஞ்சு குளுமையானது, ஆனால் சில மாதங்களில் கட்டி தட்டிப் பள்ளம் விழும், தூசியும் சேரும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அதைத் தவிர்க்கலாம். நான்கு அங்குலக் கனத்தில் தேங்காய் நார் மெத்தை, மேலே பருத்தி விரிப்பு: இதுவே போதும். வாரம் ஒரு முறை விரிப்பை வெந்நீரில் துவைத்து, மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். வேலூர் மாவட்டத்தில் வெயிலுக்கு என்ன பஞ்சம்!

தலையணை இல்லாமலே தூங்கினால் அப்படியே விடுங்கள். கேட்டால் மெல்லியதாக ஒன்று கொடுக்கலாம். விரிப்புக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் அவசியம். ஐந்து வயது வரை படுக்கையில் சிறுநீர் போவது நோயல்ல. புதுக் குழந்தை வந்ததும் கொஞ்சம் அதிகமாகலாம், அதற்காகத் திட்ட வேண்டாம்.

மாமியார் சொல்லும் பாய்க்கு வருகிறேன். வந்தவாசிக் கோரைப் பாயின் குளுமைக்கு ஈடில்லை, விழுந்து அடிபடும் பயமும் இல்லை. நகரத்து அடுக்குமாடி வீடாக இருந்தால் தரையிலேயே மெத்தையைப் போடுங்கள் என்று எழுதி முடித்திருப்பேன். உங்கள் வீடு வயல் ஓரத்தில் இருப்பதுதான் என்னைத் தடுக்கிறது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. பல் பட்ட தடமே தெரியாது, வலியும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை திறக்க முடியவில்லை என்று கடிபட்டவர்கள் மருத்துவமனைக்கு வருவார்கள். எனவே உங்களுக்குத் தாழ்வான கட்டிலும், நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் வேண்டும். பாம்பு, தேள் இரண்டுக்கும் அந்த வலை தடை. கொசுவுக்குச் சொல்லவே வேண்டாம்.

எவ்வளவு தாழ்வு? மெத்தையின் ஓரத்தில் அவள் உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும். மெத்தையையும் சேர்த்து ஓர் அடிக்குள் அடங்கிவிடும். இரண்டடி உயரம் இப்போது வேண்டாம்.

விழுவதைவிட இடுக்கில் சிக்குவது ஆபத்தானது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் அந்த இடைவெளி அதிகம். தலைமாட்டுக் கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவரை ஒட்டிப் போட்டால் நன்றாக ஒட்டிப் போடுங்கள், இல்லையென்றால் ஓர் அடி தள்ளிப் போடுங்கள். அரைகுறை இடைவெளிதான் வம்பு. ஜன்னலுக்குக் கீழே கட்டில் கூடாது. அதே அறையில் பீரோ இருந்தால் சுவரோடு சேர்த்துத் திருகாணியால் இறுக்கிவிடுங்கள். இழுப்பறையில் ஏறினால் பீரோவே மேலே சாயும்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. தூளியிலிருந்து அவளாக இறங்கியிருக்க மாட்டாள். கட்டிலிலிருந்து இறங்குவாள், நீங்கள் அசந்து தூங்கும் இரவு இரண்டு மணிக்கு. தண்ணீர் பிடித்து வைக்காத வீடு நம் பக்கத்தில் இல்லை. வாளியில் சில அங்குலத் தண்ணீரே இவ்வளவு சிறிய குழந்தையை மூழ்கடிக்கப் போதும், தலைகீழாக விழுந்தால் எழத் தெரியாது. இரவில் வாளிகளைக் கவிழ்த்துவிடுங்கள், டிரம்மை மூடி இறுக்குங்கள், குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். மாடிப்படிக்குக் கதவு இல்லையென்றால், மெத்தை வாங்கும் பணத்தில் முதலில் அதைச் செய்யுங்கள். ஒரு சிறிய இரவு விளக்கும் எரியட்டும்.

ஓர் அடி உயரத்திலிருந்து விழுந்தால் பெரும்பாலும் அழுகையோடு முடிந்துவிடும். விழுந்த பிறகு நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ, காது மூக்கிலிருந்து இரத்தமோ நீரோ வந்தாலோ 108-ஐ அழையுங்கள். காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்பாவிடம் தேக்குக் கட்டிலை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மெத்தையை முதலில் வாங்கி, அதை அளந்து சட்டம் போடச் சொல்லுங்கள். கட்டிலைச் செய்துவிட்டு மெத்தை தேடுவதால்தான் அந்த இரண்டு விரல் இடைவெளி வருகிறது. கால்களைக் குட்டையாக, கழற்றி மாட்டும்படி அமைத்து, உயரமான கால்கள் நான்கைத் தனியாகச் செய்து வைக்கட்டும். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவற்றை மாட்டிக்கொள்ளலாம்.