முந்தின நாள் இரவில்தான் எடிட்டிங் முடிகிறது என்றால்

யூடியூபில் வாரம் இரண்டு கேமரா பாட வீடியோக்கள் போடுகிறீர்கள், ஒவ்வொன்றையும் முந்தின நாள் இரவு கண்விழித்து முடிக்கிறீர்கள், போன மாதம் மூன்று விட்டுப்போய்விட்டன என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. நானும் அப்படித்தான் நெடுநாள் ஓடினேன்.

முதலில் வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். மிச்சமாகும் நேரத்தில் நான்கு வீடியோக்களைக் கையிருப்பாகச் சேருங்கள். அது இல்லாமல் எவ்வளவு அழகாக அட்டவணை போட்டாலும் ஒரு காய்ச்சல் வந்தால் சரிந்துவிடும்.

ஆனால் எல்லாத் தலைப்பும் கையிருப்புக்கு ஆகாது. புதுக் கேமரா பற்றிய விமர்சனம் சீக்கிரமே பழசாகிவிடும், அதைச் சுடச்சுடப் போட வேண்டும். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் போன்ற கேமரா அடிப்படைப் பாடங்களை ஆறு மாதம் கழித்தும் தேடி வருவார்கள். சேர்த்து வைக்க வேண்டியவை இவைதான்.

படப்பிடிப்பை ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். லைட், மைக் எல்லாம் ஒருமுறை பொருத்தினால் போதும், சட்டையை மட்டும் மாற்றலாம். மூன்று வீடியோவுக்கு மேல் வேண்டாம். குரல் தளர்வது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஸ்கிரிப்ட் மூன்றும் முன்பே தயாராக இருக்க வேண்டும், இதில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள்.

அப்புறம், யூடியூபில் முன்கூட்டியே ஏற்றி, தேதியும் நேரமும் குறித்துவிடுங்கள். அதுவரை வீடியோ பிரைவேட்டாகவே இருக்கும். ஏற்றும்போதே பதிப்புரிமைச் சோதனையும் நடப்பதால், பின்னணி இசையில் சிக்கல் இருந்தால் மாற்ற அவகாசம் கிடைக்கும்.

இப்போது பாதியில் நிற்கும் வீடியோ எது? அதிலிருந்தே தொடங்குங்கள்.