வெஹிகான்டே முகமூடி: கொம்பு தொங்குவதும் பூஞ்சையும்

வெஹிகான்டே என்பது கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் கார்னிவல் திருவிழாவில், கொம்பு முகமூடியும் கையில் ஊதிய மாட்டுச் சிறுநீர்ப்பையுமாக வரும் வேடம். வீட்டுக் கார்னிவலுக்காகப் பழைய செய்தித்தாளில் செய்த வெஹிகான்டே முகமூடியில் கொம்புகள் தொங்குகின்றன, உட்புறம் பூஞ்சை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் ஈரம்தான். ஆறு அடுக்கையும் ஒரே நாளில் ஒட்டினால் மேல்தாள் காய்ந்து மூடிக்கொள்ளும். உள்ளே பசை புளித்துவிடும். ஒரு தடவைக்கு இரண்டு அடுக்கு போதும். மின்விசிறிக் காற்றில் முழுதும் காய்ந்த பிறகே அடுத்தது. பசைக்கு மைதா ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. பச்சை வாசனை போய்ப் பளபளக்கும்வரை காய்ச்சி, ஒரு தேக்கரண்டி உப்பு சேருங்கள். தாளைக் கத்தரிக்காமல் இரண்டு விரல் அகலத்துக்குக் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம்தான் வளைவில் நன்றாகப் படியும்.

அந்தத் தீவின் போன்சே நகரத்துக் காகித முகமூடிக்கு அழகே கொம்புதான், அதில் அவசரம் வேண்டாம். தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியில் 3 செ.மீ. ஆழத்துக்கு ஆறேழு வெட்டு. அவற்றை இதழ்களாக விரித்து முகமூடியில் டேப்பால் ஒட்டுங்கள். உள்ளே உலர்ந்த தாளைக் கசக்கி அடையுங்கள். இணைப்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்கு வேண்டும். வெறும் டேப் தாங்காது.

பூஞ்சை பிடித்ததைத் தூக்கிப் போடுங்கள், மூக்கை ஒட்டி அணியும் பொருள் அது. புதியது காய்ந்ததும் வெள்ளை அடித்து, கறுப்பு-சிவப்பு அல்லது சிவப்பு-மஞ்சள் பூசி, புள்ளிகளைக் கடைசியில் வையுங்கள். கையில் ஏந்தும் மாட்டுச் சிறுநீர்ப்பைக்குப் பதில் ஊதிக் கட்டிய காகிதப் பை போதும்.